மினசோட்டா 7-வது தொகுதி: 30 வருஷம் ஜெயிச்ச கொலின் பீட்டர்சன் 2020-ல ஏன் தோத்தாரு?

வரப்பு:
அமெரிக்கத் தேர்தல் பத்திப் பேசறப்பல்லாம் "கிராமம்னா ரிபப்ளிகன், நகரம்னா டெமாக்ரட்"னு ஒரே வரியில முடிச்சிடறோம். அப்படி முடிக்கறவங்க மினசோட்டாவோட 7-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிய ஒரு தடவ பாக்கணும். மாநிலத்தோட மேற்கு ஓரம் கிட்டத்தட்ட முழுசும் இந்த ஒரே தொகுதிதான், கனடா எல்லையில ஆரம்பிச்சு தெற்க இறங்கிக்கிட்டே வருது, 30,000 சதுர மைலுக்கு மேல. பெரிய ஊர்னு சொன்னா மூர்ஹெட், அதுவும் ஆத்துக்கு அந்தக் கரையில வட டகோட்டாவுல இருக்கற ஃபார்கோவையும் சேத்தாதான் பெருசாத் தெரியும். மத்ததெல்லாம் சர்க்கரை எடுக்கற பீட் கிழங்கு, கோதுமை, சோயா, மக்காச்சோளம், வான்கோழிப் பண்ணை, ஏரி.

ஜனாதிபதி தேர்தல்ல ரிபப்ளிகன் வேட்பாளருங்கள பாத்தா, 2008-ல மெக்கெய்ன் இங்க சுமார் 3 பாயின்ட் (சதவீதப் புள்ளி) முன்னாடி, 2012-ல ராம்னி 10 பாயின்ட் கிட்ட, 2016-ல டிரம்ப் 30 பாயின்ட் முன்னாடி. இந்த மூணு தடவையும் அதே வாக்குச்சீட்டுல கீழ இருந்த டெமாக்ரட் கொலின் பீட்டர்சன் ஜெயிச்சாரு! 1990-ல ஜெயிச்சவரு, 2018-லயும் ஜெயிச்சாரு, 2020-ல ரிபப்ளிகன் மிஷெல் ஃபிஷ்பாக் கிட்ட 13 பாயின்டுக்கு மேல தோத்தாரு.

"டிரம்ப் வந்தாரு, ஊர் மாறிடுச்சு"ங்கற கதைய நான் ஏத்துக்க மாட்டேன், டிரம்ப் அலை அடிச்ச 2016-லயே இவரு ஜெயிச்சிருக்காரே. என் கருத்து இது: இந்த ஊர்க்காரங்க நூறு வருஷமா கட்சிக்கு ஓட்டுப் போடல, விளைச்சலுக்கு விலை வாங்கித் தர்ற ஆளுக்குப் போட்டாங்க, கட்சிப் பேரு மேல ஒட்டின சீட்டு மாதிரி இருந்துச்சு, 2020-ல அந்தச் சீட்டு ஆளையே மறைச்சிடுச்சு. மத்தவங்க என்ன நினைக்கறீங்க, சொல்லுங்க.

மூர்ஹெட்வாசி:
வரப்பு அண்ணே, நான் வேலைக்காக இங்கதான் இருக்கேன், அதனால கிழங்கு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அது புரியாம பீட்டர்சன் புரியமாட்டாரு.

அக்டோபர் 1 வாக்குல பெரிய அறுவடை தொடங்கும், ராப்பகலா லாரி ஓடும், கிழங்க வெட்டவெளியில மலை மாதிரி குவிச்சு வச்சு குளிர்ல உறைய விட்டு மாசக்கணக்கா ஆலைக்குக் கொண்டு போவாங்க. அந்த ஆலைங்க அமெரிக்கன் கிரிஸ்டல் சுகரோடது. 1973-ல அந்தக் கம்பெனிய விவசாயிங்களே சேந்து வாங்கிக் கூட்டுறவா மாத்திட்டாங்க. ரெட் ரிவர் பள்ளத்தாக்குல மினசோட்டா பக்கம் மூணு ஆலை (மூர்ஹெட், க்ரூக்ஸ்டன், ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ்), டகோட்டா பக்கம் ரெண்டு.

இந்தச் சர்க்கரை உலகச் சந்தை விலைக்கு வித்தா கட்டுப்படி ஆகாது, அதுக்குத்தான் அரசாங்கத்தோட சர்க்கரைத் திட்டம். வெளிநாட்டுச் சர்க்கரை எவ்ளோ உள்ள வரலாம்னு அளவு உண்டு, உள்நாட்டு ஆலை ஒவ்வொன்னும் எவ்ளோ விக்கலாம்னு ஒதுக்கீடு உண்டு, அது போக ஆலைக்காரங்க சர்க்கரைய அடமானம் வச்சு அரசுகிட்ட கடன் வாங்கலாம், விலை விழுந்தா கடனக் கட்டாம சர்க்கரையவே ஒப்படைச்சிடலாம். மிட்டாய், குளிர்பானக் கம்பெனிங்க ஒவ்வொரு ஃபார்ம் பில் (சில வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா எழுதற விவசாயச் சட்டம்) வரும்போதும் இத உடைக்கப் பாப்பாங்க, நகரத்து எம்.பி.ங்க ரெண்டு கட்சியிலயும் அவங்களுக்குத் துணை நிப்பாங்க. அங்க குறுக்க நின்னு தடுத்த ஆளு பீட்டர்சன். 2005-ல மத்திய அமெரிக்க நாடுகளோட வணிக ஒப்பந்தம் 217-க்கு 215-னு நூலிழையில பாஸ் ஆச்சே, அதுக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர், காரணம் சர்க்கரைதான். 2007-லருந்து 2011 ஆரம்பம் வரைக்கும், அப்புறம் 2019, 2020 ரெண்டு வருஷம், விவசாயக் கமிட்டித் தலைவர். 2008 ஃபார்ம் பில்ல புஷ் வீட்டோ பண்ணப்ப காங்கிரஸ் அந்த வீட்டோவ முறியடிச்சுச்சு, அந்த பில்ல கொண்டு வந்தது இவரோட கமிட்டி.

அதனால நீங்க சொல்ற "விலை வாங்கித் தர்ற ஆளு" கணக்கு சரின்னுதான் எனக்கும் படுது.

தேன்மொழி:
ரெண்டு பேரும் 1990-க்கு அப்புறத்துலருந்தே பேசறீங்க. நூறு வருஷம்னு வரப்பு சார் சொன்னாரு, அப்போ நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த 7-வது தொகுதிக்கு யாரு எம்.பி.ன்னு சொல்லிடறேன்: ஆண்ட்ரூ வோல்ஸ்டெட். ஆமா, மதுவிலக்குச் சட்டத்துக்குப் பேரு குடுத்த அதே வோல்ஸ்டெட்தான். கிரானைட் ஃபால்ஸ் ஊர்க்காரரு, ரிபப்ளிகன், 1903-லருந்து 1923 வரைக்கும் எம்.பி. 1919 அக்டோபர்ல ஜனாதிபதி வில்சன் வீட்டோ பண்ணியும் மீறி அந்தச் சட்டம் நிறைவேறிச்சு.

ஆனா இந்த ஊருக்கு அவரு செஞ்ச பெரிய வேலை அதில்ல, 1922-ல வந்த கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம். விவசாயிங்க சங்கமா சேந்து ஒரே விலைக்கு வித்தா அது ஏகபோகத் தடைச் சட்டத்துல குத்தம் ஆயிடுமோன்னு அதுவரைக்கும் பயம் இருந்துச்சு, இந்தச் சட்டம் அவங்களுக்குப் பாதுகாப்பு குடுத்துச்சு. மூர்ஹெட்வாசி சொன்ன கிழங்குக் கூட்டுறவு உட்பட நாடு முழுக்க இருக்கற விவசாயக் கூட்டுறவுங்க இன்னைக்கும் அந்தச் சட்டத்த நம்பித்தான் தொழில் பண்றாங்க.

இப்ப வரப்பு சாருக்கு ஒரு கேள்வி. அந்தச் சட்டம் 1922 பிப்ரவரில வந்துச்சு, அதே 1922 நவம்பர்ல அவர ஊர்க்காரங்க தோக்கடிச்சுட்டாங்க. விலைக்கு வேலை செஞ்ச ஆளத்தானே தோக்கடிச்சாங்க, உங்க கணக்கு எங்க நிக்குது?

வரப்பு:
நல்ல கேள்வி தேன்மொழி. அவர ஜெயிச்சது யாருன்னு பாருங்க: ஓலே க்வாலே, பென்சன் ஊரு லூத்தரன் பாதிரியார், விவசாயிங்களும் தொழிலாளிங்களும் சேந்து கட்டின ஃபார்மர்-லேபர் இயக்கத்து ஆளு. முதல் உலகப் போர் முடிஞ்சதும் கோதுமை விலை சரிஞ்சு கடன்ல மாட்டிக்கிட்ட சனங்களுக்கு, சட்டப் பாதுகாப்பு குடுத்த ரிபப்ளிகன் போதல, ரயில்வேயையும் பேங்கையும் தானிய வியாபாரிங்களையும் நேரா எதுத்துப் பேசற ஆளு தேவைப்பட்டான். இதுவும் விலைதான்.

பக்கத்து 9-வது தொகுதியிலயும் இதே கதை, பின்னாடி 7-ல வந்து சேர்ற வடமேற்கு மூலை அது. 1922-ல க்நூட் வெஃபால்ட், 1934-ல ரிச்சர்ட் பக்லர், ரெண்டு பேரும் ஃபார்மர்-லேபர். அப்புறம் ஹெரால்ட் ஹேகன் 1942-ல ஃபார்மர்-லேபரா ஜெயிச்சாரு, அடுத்த 1944 தேர்தல்ல ரிபப்ளிகனா நின்னு ஜெயிச்சாரு! அதே ஆளு, அதே தொகுதி. 1944-லதான் ஃபார்மர்-லேபர் டெமாக்ரட்டோட சேந்து டி.எஃப்.எல். (டெமாக்ரட்டிக்-ஃபார்மர்-லேபர்)னு ஒரே கட்சி ஆச்சு. சொந்தக் கட்சி மாறின ஆள இந்த ஊர்க்காரங்க அடுத்த பத்து வருஷம் வச்சிருந்தாங்கன்னா கட்சிக்கு என்ன மதிப்பு இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

தேன்மொழி:
சார், 1922-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு 1920-ஐ விட்டுட்டீங்க. அதே க்வாலே 1920-ல ரிபப்ளிகன் பிரைமரியில, அதாவது கட்சிக்குள்ள வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற தேர்தல்ல, வோல்ஸ்டெட்ட தோக்கடிச்சாரு. எப்படி? வோல்ஸ்டெட் ஒரு நாத்திகர்னு பிரசாரம் பண்ணி! பொய்க் குற்றச்சாட்டுன்னு வழக்கு கோர்ட்டுக்குப் போயி அந்த வெற்றி செல்லாதுன்னு ஆச்சு, வோல்ஸ்டெட் மறுபடி வேட்பாளர் ஆனாரு, க்வாலே சுயேச்சையா நின்னு தோத்தாரு.

நாட்டுக்கே மதுவிலக்குக் கொண்டு வந்த மனுஷன பாத்து "சாமி கும்பிடாதவன்"னு சொன்னா ஓட்டு விழுந்திருக்கு. விலை மட்டுமே பேச்சா இருந்தா அந்தப் பிரசாரம் எதுக்கு? இந்தத் தொகுதியில சர்ச், குடும்பம், ஒழுக்கம் எல்லாம் 2016-ல புதுசா முளைக்கல, தொடக்கத்துலருந்தே இருக்கு.

கவிதா:
தேன்மொழி சொன்னதோட நானும் சேந்துக்கறேன், ஏன்னா இந்தத் தொகுதின்னாலே எனக்கு ஞாபகம் வர்றது கோயா நூட்சன்தான், அவங்க பேரு இவ்ளோ நேரம் வராததே வருத்தமா இருக்கு.

ஓக்லீன்னு ஒரு சின்ன ஊரு. அங்க டீச்சரா இருந்தவங்க, நியூயார்க்ல ஜூலியார்ட் இசைப் பள்ளியில பாட்டு படிச்சவங்க. மாநில சட்டசபைக்குப் போனாங்க, 1954-ல கட்சித் தலைவருங்க வேற ஆள நிறுத்த நினைச்சப்பயும் விடாம பிரைமரில நின்னு ஜெயிச்சு, அப்புறம் வரப்பு சார் சொன்ன அதே ஹேகனைத் தோக்கடிச்சாங்க. ஊர் ஊரா போயி அக்கார்டியன் வாசிச்சு பாட்டு பாடி ஓட்டு கேட்டவங்க. மினசோட்டாவுலருந்து காங்கிரசுக்குப் போன முதல் பெண். விவசாயக் கமிட்டில இடம் கிடைச்ச முதல் பெண்ணும் இவங்கதான். காலேஜ் படிக்கற புள்ளைங்களுக்கு மத்திய அரசு கடன் குடுக்கணும்னு இவங்க போராடினது 1958 தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்துல மாணவர் கடன் பகுதியா வந்துச்சு.

அந்த 1958-லதான் அவங்கள முடிச்சாங்க. மே மாசம் அவங்க புருஷன் ஆண்டி பேர்ல ஒரு கடிதம் பேப்பர்ல வருது, அரசியல விட்டுட்டு வீட்டுக்கு வான்னு. "கோயா, வீட்டுக்கு வா"ன்னு நாடு முழுக்க தலைப்புச் செய்தி. அந்தக் கடிதத்துக்குப் பின்னாடி அவங்க சொந்தக் கட்சிக்காரங்களே இருந்தாங்க, 1956 ஜனாதிபதி பிரைமரில கட்சித் தலைமை ஸ்டீவன்சன் பக்கம் நிக்கச் சொன்னப்ப இவங்க கெஃபாவர் பக்கம் நின்னாங்கங்கற கோவம் தீரல. அந்தப் புருஷன் குடிச்சிட்டு அடிக்கற ஆளுங்கறது வெளிய யாருக்கும் தெரியல, இவங்களும் வாயத் திறக்கல. 1,390 ஓட்டுல ஒடின் லாங்கன் கிட்ட தோத்தாங்க. அந்த வருஷம் நாடு முழுக்க டெமாக்ரட் அலை, பதவியில இருந்த டெமாக்ரட் எம்.பி.ங்கள்ல ரிபப்ளிகன் கிட்ட தோத்தது இவங்க ஒருத்தங்கதான். அப்புறம் விசாரிச்ச சபைக் கமிட்டியே அவங்க குடும்ப விஷயத்தப் பயன்படுத்தினது தோல்விக்கு ஒரு காரணம்னு ஒத்துக்கிச்சு.

இந்தப் பொம்பள விவசாயிக்கு வேலை செஞ்சாங்க, விலைக்காகப் பேசினாங்க, தொகுதி முழுக்க சுத்தினாங்க. எல்லாம் இருந்தும் வீட்டுல இருக்கவேண்டியவ அங்க என்ன பண்றாங்கற ஒரே கேள்வியில போச்சு. மினசோட்டாவுலருந்து அடுத்த பெண் எம்.பி. ஜெயிக்க 2000 ஆகவேண்டியிருந்துச்சு, அதுவும் செயின்ட் பால் நகரத்துலருந்து. இந்த வடமேற்கு மூலைக்கு அடுத்த பெண் எம்.பி. 2020-ல வந்த ஃபிஷ்பாக்தான், அறுபது வருஷத்துக்கு மேல! விலைக்கு ஓட்டுப் போடற ஊருன்னு என்னால இத ஒத்துக்க முடியல.

வரப்பு:
கவிதா மேடம், கோயா கதையில எனக்கும் அதே கோவம் உண்டு. ஆனா கணக்கப் பாருங்க, அவ்ளோ கேவலமான பிரசாரத்துக்கு அப்புறமும் 1,390 ஓட்டுதான் வித்தியாசம். பாதிப் பேரு அந்தக் கடிதத்தப் படிச்சிட்டும் அவங்களுக்குத்தான் போட்டாங்க. 1960-லயும் பிரைமரில அவங்களத்தான் தேர்ந்தெடுத்தாங்க, அப்புறம் லாங்கன் கிட்ட மறுபடி தோத்தாங்க.

கவிதா:
அந்த 1,390-தான் சார் விஷயமே. ஒரு தொகுதியில பாதிப் பேரு விலைக்கு ஓட்டுப் போட்டாலும், மிச்சத்துல ஒரு சின்னக் கூட்டம் வேற விஷயத்துக்குப் போட்டா போதும், முடிவு மாறிடும். 1920-லயும் 1958-லயும் அந்தக் கூட்டம் சின்னது, 2020-ல அது பெருசாயிடுச்சு. பீட்டர்சன் இத நல்லாத் தெரிஞ்சவரு, அதனாலதான் கருக்கலைப்பு எதிர்ப்பு, துப்பாக்கி ஆதரவுன்னு அந்தப் பக்கத்துக் கதவ எல்லாம் முன்னாடியே சாத்தி வச்சிருந்தாரு. 2010-ல ஒபாமாவோட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிரா ஓட்டு. 2019 டிசம்பர்ல டிரம்ப் மேல கொண்டு வந்த ரெண்டு பதவிநீக்கத் தீர்மானத்துக்கும் எதிரா ஓட்டுப் போட்ட டெமாக்ரட் ரெண்டே பேரு, ஒருத்தர் வான் ட்ரூ, அவரு உடனே ரிபப்ளிகனா மாறிட்டாரு, இன்னொருத்தர் பீட்டர்சன். விலை மட்டும் போதும்னா இவ்ளோ பாடு ஏன் படணும்?

சுந்தரம்:
நடுவுல ஒரு காலகட்டத்த தாண்டிப் போறீங்களே. 1962-ல மினசோட்டாவோட தொகுதி எண்ணிக்கை 9-லருந்து 8 ஆச்சு, லாங்கன் 7-வதுக்கு வந்துட்டாரு. 1970-ல ரோசோ ஊரு விவசாயி பாப் பெர்க்லண்ட் அவரத் தோக்கடிச்சாரு, 1968-ல ஒரு தடவ தோத்துட்டு விடாம வந்தவரு. 1977-ல ஜனாதிபதி கார்ட்டர் அவர விவசாய அமைச்சரா கூட்டிக்கிட்டாரு. அந்த இடைத்தேர்தல்ல ரிபப்ளிகன் ஆர்லன் ஸ்டேஞ்ச்லண்ட் ஜெயிச்சாரு, இவரும் பார்ன்ஸ்வில் விவசாயி.

அமைச்சரான பெர்க்லண்டுக்கு எவ்ளோ சோதனை பாருங்க. 1979-ல விவசாயிங்க டிராக்டர்ல வாஷிங்டனுக்கே ஊர்வலம் போயி இவர் ஆபீஸ் முன்னாடியே நின்னாங்க. அடுத்த ஜனவரில ஆப்கானிஸ்தான் விவகாரத்துக்காக கார்ட்டர் சோவியத்துக்கு தானியம் விக்கறத நிறுத்தினாரு. சொந்த ஊரு கோதுமை விவசாயிக்கு இவரு என்ன பதில் சொல்லுவாரு? அப்புறம் 80-கள்ல வட்டி ஏறி, நில விலை விழுந்து, ஏலத்துல பண்ணை போச்சு. அந்த நேரத்துலதான் பீட்டர்சன்ங்கற ஆடிட்டர் வர்றாரு, மாநில செனட்டர். 1984-ல தோல்வி. 1986-ல 121 ஓட்டுல தோல்வி, வெறும் 121! 1988-ல சொந்தக் கட்சி பிரைமரிலயே தோல்வி. 1990-ல ஸ்டேஞ்ச்லண்ட் சபையோட போன் கார்டுல ஒரு பெண் லாபியிஸ்ட்டுக்கு நூத்துக்கணக்குல கால் பண்ணின விவகாரம் வெளிய வந்துச்சு, அந்த வருஷம் பீட்டர்சன் ஜெயிச்சாரு.

அப்போ 80-கள்ல பண்ணை ஏலம் போறப்ப விழாத ரிபப்ளிகன் 90-ல போன் பில்லுல விழுந்தாரு. இது கவிதா மேடம் பக்கம்தான் சாயுது, வரப்பு தம்பி கோவிச்சுக்கக்கூடாது.

வரப்பு:
கோவம் எதுக்குண்ணே. ஆனா 121 ஓட்டு வரைக்கும் வந்தது பண்ணை நெருக்கடியாலதானே? போன் விவகாரம் கடைசித் தள்ளு, அவ்ளோதான். ஜெயிச்ச அப்புறம் 30 வருஷம் நிலைச்சது எதனால? சொந்த விமானத்த தானே ஓட்டிக்கிட்டு ஒவ்வொரு ஊருக்கும் போயி, எவன் நிலத்துல தண்ணி நிக்குது, எவனுக்கு பயிர்க் காப்பீடு வரல, எல்லாம் கேட்டாரு. வடமேற்கு முனைன்னு ஒரு துண்டு நிலம் இருக்கு, கனடா வழியாத்தான் ரோட்டுல போகமுடியும். அங்க மீன்பிடி விதிகள்ல கனடாவோட தகராறு வந்தப்ப, அந்த மக்கள் விரும்பினா அமெரிக்காவ விட்டே பிரிஞ்சு போக ஓட்டெடுப்பு நடத்தலாம்னு 1998-ல அரசியல் சட்டத் திருத்தமே கொண்டு வந்தாரு. நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வாஷிங்டனும் ஒட்டாவாவும் திரும்பிப் பாத்துச்சு. கொஞ்ச பேரு இருக்கற ஊருக்காக இப்படி நிக்கற ஆள ஊர் ஞாபகம் வச்சிருக்கும்.

மூர்ஹெட்வாசி:
இங்க நான் கொஞ்சம் பக்கம் மாறறேன். விலை ஒரு பக்கம், சர்ச் ஒரு பக்கம்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு பேசறீங்க, நடுவுல தொழிலாளி காணாமப் போனத யாரும் சொல்லல.

2011 ஆகஸ்ட்ல அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் சுமார் 1,300 யூனியன் தொழிலாளிங்கள வெளிய நிறுத்திக் கதவடைச்சுச்சு. 2013 ஏப்ரல் வரைக்கும் நீடிச்சுச்சு. ஒப்பந்தத்த யூனியன் ஓட்டெடுப்புல திரும்பத் திரும்ப நிராகரிச்சுச்சு, கடைசில வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாங்க. வெளிய நிறுத்தினது யாரு? விவசாயிங்களோட கூட்டுறவு. வெளிய நின்னது யாரு? அதே ஊரு, அதே சர்ச், அதே ஸ்கூல்ல புள்ளைங்க படிக்கற ஆளுங்க. க்வாலே காலத்துல விவசாயியும் தொழிலாளியும் ஒரே மேடையில நின்னுதான் ரயில்வேய எதுத்தாங்க, தொண்ணூறு வருஷம் கழிச்சு விவசாயியே முதலாளி, வாசல்ல தொழிலாளி. டெமாக்ரட் எம்.பி. யாரு பக்கம் நிக்க முடியும்? கிழங்கு விவசாயி இல்லாம பீட்டர்சன் இல்ல, யூனியன் இல்லாம டி.எஃப்.எல். இல்ல.

இது ஒரு சம்பவம்தான், ஆனா மேற்கு மினசோட்டாவுல டெமாக்ரட்டா இருக்கறதுக்கு இருந்த பழைய காரணம் என்னன்னு கேட்டா அந்தக் கூட்டணிதான். பண்ணைங்க பெருசாகிப் பெருசாகி விவசாயக் குடும்பம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சின்ன ஊர்ல இப்ப ஆஸ்பத்திரியிலயும், ஸ்கூல்லயும், ரோசோல போலாரிஸ் மாதிரி ஆலையிலயும், வில்மர்ல வான்கோழி ஆலையிலயும் வேலை செய்யறவங்கதான் அதிகம். அவங்களுக்கு சர்க்கரைத் திட்டம் இருந்தா என்ன, போனா என்ன? விலைக்கு ஓட்டுப் போடற ஆளே குறைஞ்சு போயிட்டாங்கண்ணே, அதான் கவிதா மேடம் சொன்ன கூட்டம் பெருசானதுக்குக் காரணம்.

தேன்மொழி:
இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பதில். க்வாலேயோட பென்சன் இருக்கற ஸ்விஃப்ட் கவுண்டிய (மாவட்டம் மாதிரி) எடுத்துக்கங்க, ஒபாமாவுக்கு ரெண்டு தடவையும் ஓட்டுப் போட்ட கவுண்டி, 2016-ல பெரிய வித்தியாசத்துல டிரம்புக்குப் போச்சு. லக்கி பார்ல் கவுண்டியும் அப்படியே. அங்க நாலு வருஷத்துல சர்ச் கூடல, விலையும் திடீர்னு மாறல. டெமாக்ரட் கட்சி தங்களுக்கானதுன்னு நினைச்சுக்க அவங்களுக்கு மிச்சம் இருந்த கடைசிக் காரணமும் போயிருக்கு.

சுந்தரம்:
ஒரு சந்தேகம். 2018-ல டிரம்ப் வரி போட்டதுக்கு சீனா சோயா வாங்கறத நிறுத்திச்சு, இந்தத் தொகுதி முழுக்க சோயா. அப்புறமும் 2020-ல அங்க டிரம்புக்கு ஓட்டு கூடத்தானே செஞ்சுச்சு?

வரப்பு:
அங்கதான் என் வாதம் இடிக்குதுன்னு எனக்கே தெரியுதுண்ணே, ஆனா முழுசா இடிக்கல. சீனா நிறுத்தினதுக்கு ஈடா விவசாயத் துறை நேரா விவசாயி கணக்குல பணம் போட்டுச்சு, ரெண்டு வருஷம் கோடிக்கணக்கான டாலர். இதுவரைக்கும் கமிட்டியில உக்காந்து எம்.பி. வாங்கித் தந்த பாதுகாப்ப இப்ப ஜனாதிபதியே செக்கா அனுப்பறாரு. அப்போ நடுவுல பீட்டர்சன் எதுக்கு? 2018-ல சுமார் 4 பாயின்ட்ல தப்பிச்சவரு 2020-ல தப்பிக்கல. ஃபிஷ்பாக் மாநில செனட் தலைவரா இருந்தவங்க, 2018-ல துணை ஆளுநராவும் இருந்தவங்க, முன்ன வந்து மோதின ஆளுங்க மாதிரி இல்ல, கட்சி மொத்தமும் பின்னாடி நின்னுச்சு. பீட்டர்சனுக்குப் போடற ஓட்டு, அப்போ சபாநாயகரா இருந்த டெமாக்ரட் நான்சி பெலோசிக்குப் போடற ஓட்டுங்கறதுதான் பிரசாரம்.

கவிதா:
சரி சார், ஏத்துக்கறேன், செக் விஷயம் நான் யோசிக்காத கோணம். ஆனா போன அப்புறம் என்ன ஆச்சுங்கறதையும் பேசுங்க. கோயா, பெர்க்லண்ட், ஸ்டேஞ்ச்லண்ட், பீட்டர்சன், கட்சி எதுவா இருந்தாலும் இந்த ஊரு ஆளு விவசாயக் கமிட்டில இருப்பாங்கங்கறது வழக்கம். இப்ப?

மூர்ஹெட்வாசி:
பீட்டர்சன் போனதும் கமிட்டித் தலைமை டேவிட் ஸ்காட் கைக்குப் போச்சு, அவரு தொகுதி ஜார்ஜியாவுல அட்லாண்டா புறநகர். ஃபிஷ்பாக் முதல் ரெண்டு வருஷம் விவசாயக் கமிட்டில இருந்தாங்க, 2023-ல வரி, வணிகம் பாக்கற வேஸ் அண்ட் மீன்ஸ் கமிட்டிக்கு மாறிட்டாங்க. அதுவும் பெரிய கமிட்டிதான், சர்க்கரை இறக்குமதிப் பேச்சு அங்கயும் வரும். ஆனா 2018 ஃபார்ம் பில் 2023 செப்டம்பர்ல காலாவதி ஆனப்ப புதுசு எழுத முடியாம பழசையே நீட்டினாங்க, அப்புறம் மறுபடி நீட்டினாங்க. அந்த மேஜையில இந்த ஊரு ஆளு யாரும் இல்ல.